குடுமியான்மலை இசைச் சாசனமும் கேட்போர் மரபும்

புதுக்கோட்டைச் சீமையில் அன்னவாசலைச் சூழ்ந்து கிடக்கும் பாறை நிலம் மழை குறைந்தது. பயிர் வளமும் பெரிதன்று. ஆயினும் பழந்தமிழ்க் கலைஞர் தம் கைத்திறனை இந்நிலத்தில் விட்டுச்சென்ற அளவு, ஆற்றுப் பாய்ச்சலுள்ள பல நாடுகளிலும் விட்டுச்சென்றிலர். ஊருக்கு அணித்தே சித்தன்னவாசற் குடைவரையின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஓவியமாகத் தீட்டப்பெற்றிருக்கின்றது. கி. பி. 9-ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் அக்கோயிலின் மண்டபத்தைப் புதுக்கினான் என்று சாசனம் கூறும். தூரிகை பிடித்தவன் பெயரோ எங்கும் பொறிக்கப்பட்டிலது. அது சமணர் தவப்பள்ளியாதலின் அதனை இவ்வளவில் நிறுத்தி, அப்பக்கத்தே விளங்கும் சிவத்தலமாகிய குடுமியான்மலைக்குச் செல்லுதல் தகும். கலைஞன் திறம் யாருக்காக என்னும் வினாவிற்கு, வினாவை எழுப்பியவர்க்கே வியப்புண்டாகும் ஒரு விடை அங்கே கல்லில் எழுதப்பட்டுள்ளது.

குடுமியான்மலையின் பழம்பெயர் திருநலக்குன்றம் என்பது. இறைவன் திருப்பெயர் சிகாநாதர். குடுமிநாதர் என்பதும் அதுவே. அர்ச்சகர் ஒருவர் பொருட்டு இறைவன் தம் திருமுடியிற் குடுமி காட்டினார் என்னும் தலவரலாறு நாட்டார் பலரும் அறிந்தது. குன்றின் அடிவாரத்தில் கிழக்கு நோக்கிய குடைவரையொன்றுண்டு; அதனை மேலைக்கோயில் என்பர். அதனை அடுத்த பாறையின் செங்குத்தான முகத்தைச் சீர்செய்து, ஏறத்தாழ 13 அடி உயரமும் 14 அடி அகலமும் உடைய பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தால் 38 வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சிவபெருமானுக்கு வணக்கம் கூறித் தொடங்குவது அச்சாசனம். அதன்பின் வருவன நிலதானமோ, போர்ச்செய்தியோ, அரசன் வழித்தோன்றல் வரிசையோ அல்ல, இசைச் சுரங்களே.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கும் அது முதலில் திகைப்பே தரும். ச, ர, க, ம, ப, த, நி என்னும் சுரங்கள் நந்நான்காகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு வரியிலும் பதினாறு தொகுதிகள், அஃதாவது 64 சுரங்கள், நிரலே நிற்கின்றன. ஒரு வரியிலுள்ள தொகுதிகள் யாவும் ஒரே சுரத்தில் முடிதல் நோக்கற்பாலது. இவ்வரிகள் ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இராகப் பெயர் தலைப்பாகத் தரப்பட்டுள்ளது. மத்திமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்பன அவை. தேவாரம் ஓதுவோர்க்கு இவற்றுள் மூன்று பெயர்கள் உடனே காதில் விழும். சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பன திருமுறைப் பண்களாதலின். பெயர் ஒன்றாயிருப்பதுகொண்டு பண்ணும் ஒன்றே எனத் துணிதல் கூடாது. பெயர் நிற்க இசை மாறியதும், இசை நிற்கப் பெயர் மாறியதும் நம் இசை வரலாற்றில் நிரம்ப உண்டு. எனினும் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய காலத்தை ஒட்டியோ அதற்குச் சிறிது பின்னோ, இத்தமிழ்நாட்டிலேயே இப்பெயர்கள் வழங்கிய அவையொன்று இருந்தது என்பதற்கு இப்பாறை சான்று. இவ்வளவு உறுதியான சான்று ஏட்டில் இல்லை.

சாசனத்தின் முடிபே இக்கட்டுரைக்கு உயிர்நிலை. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரமமாகேசுவரனும் ஆகிய அரசன் ஒருவன், மாணாக்கர் நலம் கருதி இச்சுர அடைவுகளை இயற்றினான் என்பது அதன் கருத்து. அரசன் தன் பெயரைச் சொன்னானில்லை. தன் ஆசிரியர் பெயரைச் சொன்னான். தன் சமயத்தைச் சொன்னான். தன் நூலைப் பெறுவார் யாவர் என்பதையும் சொன்னான். கலைத்திறத்தைக் கல்லில் எழுதிய அரசர் வேறு பலர் உளர். அவர்கள் எழுதியவை பெரும்பாலும் தம்மை இன்ன கலையிற் புலி என்றும், இன்ன கருவியில் நாரதனை ஒப்பான் என்றும் கூறும் விருதுகள். விருது கேட்போனை நோக்கி, ‘என்னை வியந்து நில்’ என்கின்றது. குடுமியான்மலைச் சாசனமோ, ‘எடுத்து வாசித்துப் பார்’ என்கின்றது. இரண்டும் கேட்போனை நாடினவே. ஆயினும் நாடிய வகை வேறு.

அவ்வரசன் யாவன் என்பது பற்றிக் கருத்து வேறுபாடுண்டு. கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனே அவன் என்று முதலிற் கருதினர். மத்தவிலாசப் பிரகசனம் இயற்றியவனும், சித்திரகாரப்புலி என்றும் சங்கீரணசாதி என்றும் விருதுகள் தாங்கியவனும் ஆகிய அவனுக்கு இது பொருந்தும் என்பது அவர்கள் எண்ணம். சமணம் துறந்து சைவம் சார்ந்தவன் அவன் என்று பெரியபுராண மரபு கொள்ளுதலின், பரமமாகேசுவரன் என்னும் சொல்லும் இயைவதாகத் தோன்றிற்று. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஒப்பவில்லை. அந்நிலப்பகுதி பல்லவன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதற்குத் தெளிவான சான்றின்மையும், எழுத்தமைதி சிறிது பிற்பட்டதாகக் காணப்படுதலும் அவர் கூறும் தடைகள். அவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. சைவ அன்பர் சிலர் மகேந்திரன் பெயரை விடாது பற்றிக்கொள்வது அப்பர் பெருமான்மீது வைத்த அன்பினால் என்க. ஆனால் பெயர் சொல்லாது நின்ற ஒருவனுக்கு நாம் வலிந்து பெயர் சூட்டுதலால் அவன் சொன்ன செய்தி தெளிவடைவதில்லை. ‘உருத்திராசாரியர் மாணாக்கன்’ என்பதே அவன் வேண்டிய அடையாளம்.

இனி, அச்சாசனத்தில் எழுதப்படாதவற்றை நோக்குதல் வேண்டும். தாளம் எழுதப்படவில்லை. பாட்டின் சொல் இல்லை. எந்தச் சுரத்தை எவ்வளவு நீட்டுதல், எவ்வளவு அசைத்தல் என்னும் குறிப்பில்லை. நந்நான்கு சுரமாக மீட்டும் முறை என்ற அளவில் ஒரு சொல் உண்டு; அதன் விளக்கம் இல்லை. சுர எழுத்துக்களோ ச, சி, சு, செ எனவும், ர, ரி, ரு, ரெ எனவும் உயிர் மாறி மாறி வருகின்றன. இவ்வுயிர் மாற்றம் எதனைக் குறிக்கின்றது? சுருதியின் நுண்ணிய ஏற்றத்தாழ்வைக் குறிப்பது என்று சிலர் கூறினர். நரம்பை மீட்டும் விரலின் இயக்கத்தைக் குறிப்பது என்று வேறு சிலர் கூறுவர். யாழ் அல்லது வீணையில் வாசிப்பதற்கென்றே இவை எழுதப்பட்டன என்னும் கொள்கைக்குப் பின்னையது துணை செய்யும். அருகே பரிவாதினி என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதும் அதற்கு இயைபுடையது. ஏழு நரம்புடைய வீணைக்கு அப்பெயர் என்று அமரநிகண்டு கூறுமாதலின். சாசனத்தின் இறுதியில், வடமொழிக்கு இடையே தனித்து நிற்பதுபோல ஒரு தமிழ்த் தொடரும் உண்டு. எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரியன என்னும் பொருளுடையது அது. எட்டு நரம்பும் ஏழு நரம்புமுடைய கருவிகள் என்று கொள்வாரும், வேறு கூறுவாரும் உளர்.

விளக்கம் எழுதாமை எழுதினோன் குறை என்று கூறலாமோ எனின், கூறலாகாது. மாணாக்கர் நலத்துக்கு எழுதியவன், மாணாக்கர் முன்னரே அறிந்திருந்ததை எழுதவேண்டிய தேவையில்லை. ஆசிரியன் எதிரே யாழுடன் அமர்ந்தவனுக்கு விரலின் இயக்கம் கண்ணுக்குத் தெரியும். தாளம் கைக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது, மறவாதிருப்பதற்கு ஒரு வரிசை. கல் அவ்வரிசையைத் தந்தது. எஞ்சியதைத் தந்தது வாயும் கையும் செவியும். ஆகவே இச்சாசனத்தைப் பாதி நூல் என்று கொள்ளுதல் பொருந்தும். மறுபாதி மாணாக்கர் கூட்டத்தில் இருந்தது. அக்கூட்டம் கலைந்தபோது அதுவும் உடன் சென்றது. கல்லில் உள்ள பாதி 38 வரியாக இன்றும் நிற்கின்றது. அதனைக் கேட்கும் செவி இல்லை. நம்மவர் சிலர் இதனை உலகின் பழைய இசைச் சாசனம் என்று பெருமிதத்துடன் கூறி மகிழ்வர். இதனினும் பழைய சுரக்குறியீடுகள் மேற்காசியாவிற் களிமண் ஏடுகளிலும் கிரேக்க நாட்டில் தெல்பி நகர்க் கருவூலச் சுவரிலும் உண்டு. நம் நாட்டில் இதற்கு ஒப்பில்லை என்பதே போதிய பெருமை. பெருமை பேசுவோர் எண்ணிக்கையும் அதனை வாசிக்க முயன்றோர் எண்ணிக்கையும் ஒப்பிடத்தக்கன அல்ல என்பதுதான் வருந்தத்தக்கது.

குன்றின் மேற்புறத்தே பாறையில் அறுபத்துமூன்று நாயன்மார் திருவுருவங்களும், நடுவே விடைமேல் அம்மையப்பர் திருவுருவும் செதுக்கப்பட்டுள்ளன. கீழே சுரங்கள், மேலே அடியார்கள். இருவேறு காலத்தனவாயினும் ஒரே கல்லில் இவை அமைந்தமை எண்ணத்தக்கது. அவ்வடியார் வரிசையில் இசைவாணர் இருவர் உளர். ஆனாய நாயனார் குழலூதியபோது கேட்டு நின்றவை பசுக்களும் மயிலும் பாம்பும் பறவைகளும் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். ஆங்கு அவையும் இல்லை, பரிசிலும் இல்லை. மற்றொருவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறோ கேட்போராற் கலைஞன் படும் இடரை உரைப்பது.

தருமபுரத்திற் பாணருடைய தாய்வழிச் சுற்றத்தார் இருந்தனர். அவர்கள் அவரைக் கண்டு மகிழ்ந்து, பிள்ளையார் திருப்பதிகங்கள் உலகிற் பரவியது நீர் யாழிலிட்டு வாசித்த சிறப்பினால் அன்றோ என்றனர். சுற்றத்தார் வாயில் வழக்கமாக வரும் புகழ்ச்சிதான் அது; தீய எண்ணம் சிறிதுமில்லை. வேறு ஒருவராயின் தலையசைத்துக் கேட்டிருப்பர். பாணர் நடுங்கினார். தம் கருவியில் அடங்காத பதிகமொன்று பாடியருளவேண்டும் என்று அவரே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார். அவ்வாறே பாடப்பெற்ற பதிகம் யாழில் அடங்காமை கண்டு, இக்கருவியாலன்றோ இப்பிழை நேர்ந்தது என அதனை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, சிவசத்தியால் விளைவதைக் கருவியில் அளக்கலாகுமோ, வந்த அளவில் வாசித்திரும் என்று தேற்றி யாழை மீட்டுக் கையிற் கொடுத்தருளினார். யாழ்மூரி என்று வழங்குவது அப்பதிகம்.

இவ்வரலாற்றைப் பாணருடைய பணிவைக் காட்டுவதாக மட்டும் கூறி அமைவது வழக்கம். அதனினும் நுண்ணியது ஒன்று இதில் உண்டு. கேட்போர் பிழை செவியிற் பிறந்ததன்று. யாழை அவர்கள் நன்றாகவே கேட்டனர். வாசிப்பு இனியது என்பதும் உண்மையே. பிழை எங்கெனின், எதனால் எது விளங்கிற்று என்று அறுதியிட்ட இடத்தில். கருவி விளக்கியதைக் கருவியே படைத்தது என்று கொண்டனர். கண்ணுக்குப் பொருளைக் காட்டுவது கதிரவன். கண் அதனை மறந்து தானே கண்டதாக எண்ணும் என்பது சித்தாந்த நூலோர் பலகாலும் எடுத்தாளும் உவமை. பாணர் தம்மைக் காட்டும் பொருளாக அன்றிக் காட்டப்படும் பொருளாக அறிந்தவராதலின், அப்புகழ் அவருக்குச் சுமையாயிற்று.

திருவிளையாடற் புராணத்துள் இசைபற்றிய இரண்டு படலங்கள் அடுத்தடுத்து நோக்கத்தக்கன. விறகு விற்ற படலத்தில், வடநாட்டினின்று வந்த ஏமநாதன் என்னும் இசைவல்லோன் வரகுண பாண்டியன் அவையிற் பெரும் பரிசு பெற்றுச் செருக்கி நிற்க, பாணபத்திரனுக்காகச் சோமசுந்தரக் கடவுள் விறகு சுமக்கும் முதியவராக அவன் தங்கிய மனைத்திண்ணையில் வந்து சாதாரி பாடினார். உள்ளிருந்த ஏமநாதன் அவ்விசை கேட்டு வெளிவந்து, நீ யார் என, பாணபத்திரனால் முதுமை நோக்கி ஒதுக்கப்பட்ட மாணாக்கன் என்றார். ஏமநாதன் அன்றிரவே ஊரைவிட்டு நீங்கினான். ஏமநாதனைப் பழிக்கும் நோக்குடன் இக்கதையைக் கூறுவாரே பலர். ஆயினும் அவனுக்கு உரிய சிறப்பொன்றுண்டு. அன்று மதுரையில் திண்ணையில் எழுந்த பாட்டின் அளவை அறிந்த செவி அவனுடையது ஒன்றே. பாடியவன் விறகு விற்பவன் என்பது அச்செவியை மயக்கவில்லை. செருக்கு வாயில் இருந்தது, செவியில் இல்லை. நல்ல கலைஞன் முதலில் நல்ல கேட்போன் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேடுதல் மிகை.

இசைவாது வென்ற படலத்திலோ செவி முழுதும் கெட்ட அவையொன்று காட்டப்படுகின்றது. பாணபத்திரன் மனைவியாகிய பாடினிக்கும் ஈழத்தினின்று வந்த பாடகிக்கும் வாது. அரசன் முன்னரே ஒருபுறம் சாய்ந்துவிட்டான். ஈழப்பாடகியே வென்றாள் என்று அவன் கூற, அவையோரும் அதுவே என்றனர். இசையறிந்தோர் அவ்வவையில் இல்லையோ எனின், இருந்தனர். அறிந்தும் அரசன் முகம் நோக்கினர். பாடினி சிவபெருமானிடம் முறையிட்டாள். பின்னர் இறைவன் திருமுன்னரே வாது நடக்க, அவரும் இசைப்புலவர் உருவில் வந்து அவையில் அமர்ந்தார். அன்று அரசன் வாயினின்று நடுநிலை பிறந்தது. பாடினி வென்றாள்.

இவ்விரு படலத்திலும் இறைவன் செய்தது ஒன்றன்று. முதலதிற் பாடினார்; மற்றதிற் பாடவில்லை, அவையில் அமர்ந்து கேட்டார். பாடினியின் குரலில் அவர் எதனையும் கூட்டினார் என்று புராணம் சொல்லவில்லை. அவள் திறம் முன்னரே நிறைந்திருந்தது. குறை இருந்தது கேட்போரிடத்து. அவர் உடனிருந்து கேட்டமையால் பிறரும் கேட்கலாயினர். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இறைவன் செய்யும் உதவியை மெய்கண்ட நூலோர் இருவகையாக வகுப்பர். உயிர்க்குப் பொருளைக் காட்டுதல் ஒன்று. காட்டி நில்லாது உயிரோடு உடனின்று காணுதல் மற்றொன்று. விறகு சுமந்தது முன்னதற்கும், அவையில் அமர்ந்தது பின்னதற்கும் ஒப்பிடத்தக்கன. பரஞ்சோதி முனிவர் இக்கருத்தை உட்கொண்டே பாடினார் என்பது துணிபன்று. ஆயினும் கேட்டலையும் இறைவன் செயலாக வைத்துப் பேசிய மரபு, கலைஞனை மட்டும் உயர்த்திக் கேட்போனைக் கீழே இருத்தும் மரபன்று.

மீண்டும் கல்லுக்கு வருவோமாக. குடுமியான்மலையில் எழுதியது போன்ற இசைச் சாசனம் திருமயத்துச் சிவபெருமான் குடைவரையிலும் இருந்தது. அதிலும் பரிவாதினி என்னும் சொல் உண்டு. இன்று அதில் எஞ்சியிருப்பன சில எழுத்துக்களே. பெரும்பகுதி செதுக்கி நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 13-ஆம் நூற்றாண்டுச் சாசனம் பொறிக்கப்பட்டது. இதனைச் செய்தவர் வேற்றுச் சமயத்தவருமல்லர், பகைவருமல்லர், கோயிலோடு தொடர்புடையவரே. எழுதுவதற்கு நல்ல சுவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அச்சுவரிலிருந்த பழைய கீறல்கள் யாவை என்று சொல்லவல்லார் எவரும் அந்நாளில் அங்கிலர் போலும். படிக்க வல்ல மாணாக்கன் ஒருவன் ஊரில் இருந்திருப்பின் உளி அவ்விடத்தில் ஓங்கியிராது. சுர வரிசைக்கு நேர்ந்த அழிவு உளியினால் அன்று. அதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. உளி அதனைப் பதிவு செய்தது என்று கொள்ளலாம்.

இதனோடு தஞ்சை இராசராசேச்சரத்துச் சாசனம் ஒன்றை ஒப்பிடுதல் பெரிதும் பயன் தரும். முதலாம் இராசராசன் (985–1014) அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வைத்தான். அச்சாசனத்தில் ஒரு சுரம்கூட இல்லை. எந்தப் பதிகம் எந்தப் பண்ணில் என்ற குறிப்பும் இல்லை. உள்ளவை ஆட்பெயரும் நெல்லளவும். ஆனால் ஒரு விதி உண்டு. இவர்களுள் இறந்தாரும் இடம்பெயர்ந்தாரும் உளராயின் அவர்க்கு அடுத்த முறைக்காரர் அந்நெற்பெற்றுப் பாடுக. முறைக்காரர் தாம் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரை இட்டுப் பாடுவிக்க. முறைக்காரரே இலராயின் எஞ்சிய பாடுவோரே தகுதியுடையாரைத் தெரிந்து இடுக என்பது அது. உரிமை பிறப்பு வழி. பாட்டோ தகுதி வழி. அத்தகுதியை அளப்பவர் அரசனுமல்லர், அதிகாரியுமல்லர், உடன் பாடுவோர். ஈழப்பாடகிக்குத் தீர்ப்பளித்த அவையின் நோய்க்கு மருந்து கண்டவன்போல இவ்விதி செய்யப்பட்டிருக்கின்றது.

குன்றத்துக் கல்லில் சுரம் இருந்தது, நெல் இல்லை. தஞ்சைக் கல்லில் நெல் இருந்தது, சுரம் இல்லை. ஓதுவார் வாயில் இன்றளவும் ஒலிப்பது இரண்டாவது. திருப்பதிகப் பண்களும் இடையில் மறைந்தன என்பதையும், நம்பியாண்டார் நம்பி காலத்துத் திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணியொருவர் வாயிலாக அவை மீட்கப்பெற்றன என்று திருமுறைகண்ட புராணம் கூறுவதையும் மறத்தலாகாது. அப்போதும் ஏட்டை மட்டும் நோக்கிப் பண் அமைத்தாரில்லை. பாடும் குடியை நாடிச் சென்றனர். இன்று ஓதுவார் பாடும் பண், பிள்ளையார் பாடிய பண்ணே என்று ஆணையிட்டுக் கூற இயலாது. பல பண்கள் பிற்கால இராகங்களின் உருவில் நின்று நிலவுகின்றன. எனினும் பாடுவோனும் கேட்போனும் என்னும் தொடர் அறவில்லை. அறாமையால் ஆராய்தற்கும் ஒரு பொருள் இருக்கின்றது. தமிழிசைச் சங்கம் 1949 முதற் சென்னையிற் கூட்டி வந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களைப் பாடச்செய்து இசைப்புலவர் விவாதித்தது அத்தொடர் இருந்ததனால் இயன்றது. குடுமியான்மலைச் சுரங்களுக்காக அவ்வாறு ஒருவரை அழைத்துப் பாடச்செய்ய வழியில்லை.

குடுமியான்மலைக்கும் பிற்காலத்திற் கேட்போரும் ஆடுவோரும் இலராயினர் என்று எண்ணற்க. அங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களால், தேவரடியார் மரபினராகிய உமையாள்வி நாச்சி என்பார் கோயிலிடமிருந்து நிலம் விலைக்குப் பெற்று மலையமங்கை நாச்சியாரை எழுந்தருளுவித்தார் என்பது அறியப்படும். ஆடலும் பாடலும் தொழிலாக உடையார் ஒருவர் பிறர் கொடையை நோக்கி நில்லாது, தாமே கொடையாளராகித் திருமுன் கோயில் எடுத்தது இது. அம்மரபினரைப் பிற்காலம் நோக்கிய நோக்கு வேறு. அவர் கல்லில் தம்மை நிறுத்திக்கொண்ட நிலை வேறு. அவருக்குச் சுர வரிகளைப் படிக்கத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அவ்வரிகளுக்கு மிக அணித்தே அவர் ஆடியும் வழிபட்டும் வாழ்ந்தார். பின்னர் நாயக்கர் காலத்துச் சிற்பிகள் மண்டபத் தூண்களில் நிறுத்திய பேருருவங்களைக் காண இன்று வருவார் பலர். அவர்களிற் பெரும்பாலோர் பாறையின் எழுத்தைப் பாராமலே மீள்கின்றனர்.

1904-இல் சாசனப் பரிசோதனை இலாகாவினர் இதனைக் கண்டு படியெடுத்தனர். பி. ஆர். பண்டார்க்கர் அதனை ஆராய்ந்து, எபிகிராபியா இண்டிகா 12-ஆம் தொகுதியில் மூலத்துடன் வெளியிட்டார். விபுலானந்த அடிகள் தம் யாழ்நூலில் இதனை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் இறைவனடி சேர்ந்தார்கள். தாமே யாழ் அமைத்து, நரம்பின் அளவைக் கணித்து, கணித்ததைச் செவியால் தேர்ந்தவர் அவர். கல்லைப் படித்தோர் பலருள்ளும் கல்லைக் கேட்க முயன்றவர் என்று அவரைக் கூறுதல் தகும். 1979-இல் ரிச்சர்டு விட்டெசு என்னும் ஆங்கில இசையறிஞர் இச்சாசனத்தைப் பற்றி விரிந்த ஆய்வொன்று வெளியிட்டார். இவ்வாறு 1,200 ஆண்டுக்குமேல் மாணாக்கரை எதிர்நோக்கி நின்ற பாறைக்குச் சிலர் கிடைத்திருக்கின்றனர். இவர்களுள் எவரும் உயிர்க்குறிகளின் பொருளைப் பற்றி மற்றவரோடு முற்றும் ஒத்தாரில்லை.

சட்சமும் பஞ்சமமும் தெரிந்த ஓர் இளைஞன் அப்பாறைமுன் நின்று முதல் வரியின் நான்கு சுரங்களை வாய்விட்டுப் பாடினால் அவை பிழையின்றியே ஒலிக்கும். ஐந்தாவது சுரத்துக்கு எப்படிச் செல்வது, எங்கே மூச்செடுப்பது என்பதை அவனுக்குக் காட்டுவார் அங்கே எவருமில்லை. உருத்திராசாரியர் பெயர் மட்டும் ஈற்றயலிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது.